இருட்டு கண்டத்திலா? கண்ணாடியிலா?

"இருண்ட கண்டம்" என்ற பழம் பெயரைத் துடைக்கப் புறப்பட்டிருக்கிறார்கள் ஆப்பிரிக்காவின் எழுத்தாளர்களும் படக் கலைஞர்களும்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. வாத்தியார் பிரம்பால் சுட்டிக் காட்டியதுதான் உலகம். அந்தப் படமே பிசகு என்று இப்போது ஒரு கண்டம் எழுந்து சொல்லியிருக்கிறது.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 55 நாடுகள் அங்கம் வகிக்கும் ஆப்பிரிக்க யூனியன், "படத்தைத் திருத்துங்கள்" என்ற இயக்கத்துக்குத் தன் ஆதரவைத் தெரிவித்தது. வழக்கத்தில் இருந்து வரும் உலகப் படம் 1569-ம் ஆண்டில் மெர்கேட்டர் என்பவர் மாலுமிகளுக்காக வரைந்தது. கப்பல் ஓட்ட அது நன்றாக உதவும். ஆனால் பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளைச் சுருக்கியும், துருவங்களை ஒட்டிய நாடுகளை ஊதியும் காட்டும். அதில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே பருமனாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா, கிரீன்லாந்தைப் போல 14 மடங்கு பெரியது. இந்தியாவைப் போல 9 மடங்கு பெரியது. அதன் பரப்பு சுமார் 3 கோடி சதுர கிலோ மீட்டர். பரப்பளவை உள்ளபடி காட்டும் 'ஈக்வல் எர்த்' என்ற படம் 2018-ம் ஆண்டில் தயாராயிற்று. இனி அத்தகைய படத்தையே மாட்ட வேண்டும் என்பது இயக்கத்தின் கோரிக்கை.

"படம் பெரிதானால் பசி தீருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த இயக்கத்தை நடத்தும் ஸ்தாபனங்களில் ஒன்றின் பெயரைக் கவனித்தால் விஷயம் விளங்கும். 'ஆப்பிரிக்கா நோ ஃபில்டர்' என்பது அதன் பெயர். காமிராவின் கண்ணாடிக்கு முன்னால் வண்ணத் தகடு ஒன்றைச் செருகினால் காட்சியின் நிறமே மாறிப்போகும் அல்லவா? அந்தத் தகட்டை எடுத்துவிட்டு ஆப்பிரிக்காவைப் பாருங்கள் என்பதே அந்தப் பெயரின் பொருள்.

சுவரில் தொங்கும் படம் சிறிய விஷயம். மனிதரின் மனத்தில் தொங்கும் படம்தான் பெரிய விஷயம். பத்திரிகையும் சினிமாவும் டெலிவிஷனும் வரைந்து மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் ஆப்பிரிக்கா என்றால் பஞ்சம், நோய், கலகம், காடு, இவ்வளவுதான். அங்கே வாழும் சுமார் 150 கோடி ஜனங்களும், 54 நாடுகளும், ஆயிரக்கணக்கான மொழிகளும் அந்த நான்கு வார்த்தைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

பெயர் சூட்டியவர் ஒரு நிருபர்

"இருண்ட கண்டம்" என்ற பெயரை உலகெங்கும் பரப்பியவர்களில் முதன்மையானவர் ஒரு பத்திரிகை நிருபர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஹென்றி ஸ்டான்லி. காணாமற்போன பாதிரியார் லிவிங்ஸ்டனைத் தேடிப் போகும்படி 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகை அவரை அனுப்பியது. 1871-ல் அவர் லிவிங்ஸ்டனைக் கண்டுபிடித்தார். பின்னர் தம் மற்றொரு பிரயாணத்தைப் பற்றி 1878-ல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே "இருண்ட கண்டம்" என்ற சொற்களை வைத்தார். ஐரோப்பாவுக்கு அந்தக் கண்டத்தைப் பற்றித் தெரியாது என்பதுதான் உண்மை. தெரியாதவரின் கண்ணில் இருந்த இருட்டு, தெரியாத நாட்டின் பெயராகி விட்டது!

இருட்டு என்று சொல்லிவிட்ட பிறகு, அங்கே வெளிச்சம் தென்பட்டால் சங்கடமாகிவிடும். தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியில் 'மகா ஜிம்பாப்வே' என்ற கல் நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. சுண்ணாம்புச் சாந்து இல்லாமலே கல்லின் மேல் கல் அடுக்கி எழுப்பிய பிரம்மாண்டமான மதில்கள். அங்கே குடியேறிய வெள்ளையர்கள் அதைப் பார்த்து அதிசயித்தார்கள். ஆனால் ஆப்பிரிக்கர் கட்டினார்கள் என்று ஒப்பவில்லை. பினீஷியர் கட்டியிருப்பார்கள், அராபியர் கட்டியிருப்பார்கள் என்றெல்லாம் கதை பரப்பினார்கள். 1905-ம் ஆண்டிலும், மறுபடியும் 1929-ம் ஆண்டிலும் தொல்பொருள் நிபுணர்கள் தோண்டி ஆராய்ந்து, கட்டியவர்கள் அந்த மண்ணின் மக்களே என்று முடிவு சொன்னார்கள். அதன் பிறகும் ரொடீஷிய சர்க்கார் பல காலம் அந்த உண்மையை அமுக்கப் பார்த்தது. கடைசியில், 1980-ம் ஆண்டில் விடுதலை பெற்ற நாடு அந்த மதில்களின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது.

ஆப்பிரிக்கனைப் பற்றிய பொய்களில் மிகப் பழமையானது இதுதான்: அவன் எதையும் செய்கிறவன் அல்ல, அவனுக்கு மற்றவர்கள் ஏதாவது செய்ய வேண்டும். இந்த ஒரு பொய்தான் பல வேஷங்களில் திரும்பத் திரும்ப மேடை ஏறுகிறது.

உருகிய உலகம்

எல்லா வேஷமும் கெட்ட எண்ணத்தால் போடப்பட்டதல்ல. நல்ல எண்ணத்தால் போட்டதும் உண்டு.

1984-ம் ஆண்டு அக்டோபர் மாதம் எத்தியோப்பியாவின் பஞ்சக் காட்சிகளை லண்டன் பி.பி.சி. டெலிவிஷன் காட்டியது. எலும்பும் தோலுமான குழந்தைகளைப் பார்த்து உலகம் உருகிப்போயிற்று. பிரபல பாடகர்கள் ஒன்றுகூடி, கிறிஸ்துமஸ் வந்திருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்கும் தலைப்பில் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். 1985 ஜூலையில் லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் மாபெரும் கச்சேரிகள் நடந்தன. கோடிக்கணக்கில் பணம் சேர்ந்தது. அதனால் பிழைத்த உயிர்கள் உண்டு. இதை மறுப்பது நன்றி கெட்ட செயல்.

ஆனால் இரண்டு செய்திகள் அமுங்கிப் போயின. முதலாவது, அந்தப் பஞ்சத்துக்கு மழை பொய்த்தது மட்டும் காரணமல்ல. நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரும், அன்றைய ராணுவ ஆட்சியின் கொடுமையும் சேர்ந்துதான் பட்டினியைப் பெருக்கின. இரண்டாவது, எத்தியோப்பியா கிறிஸ்தவ மதத்தை ஏற்றது நாலாம் நூற்றாண்டிலேயே! இங்கிலாந்து கிறிஸ்தவ நாடாவதற்கு முன்பே அங்கே அரசர்கள் சிலுவை பொறித்த காசு அடித்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் "கிறிஸ்துமஸ் தெரியுமா?" என்ற கேள்வி.

இன்னொன்றும் உண்டு. உலகை உலுக்கிய அந்தக் காட்சிகளைக் காமிராவில் பிடித்தவர் முகம்மது அமீன். அவர் நைரோபி நகரத்தில் பிறந்தவர், ஆப்பிரிக்காவின் பிள்ளை. கண்டம் அழுததை உலகம் பார்த்தது. அந்த அழுகையை உலகுக்குக் காட்டியவனும் ஆப்பிரிக்கன்தான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அந்தப் பாட்டு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2014-ல், புது மெருகுடன் வெளியாயிற்று. அதில் பாட வரும்படி, கானா நாட்டு வம்சாவளியினரான ஃப்யூஸ் ஓ.டி.ஜி. என்ற பாடகரை அழைத்தார்கள். அவர் மறுத்துவிட்டார். தம் கண்டத்தை எப்போதும் பிச்சைப் பாத்திரத்துடன் நிறுத்தி வைக்கும் பாட்டு வேண்டாம் என்பது அவர் வாதம். அன்று அவரைக் கல்நெஞ்சர் என்று ஏசியவர்கள் உண்டு. 2024-ல் நாற்பதாவது ஆண்டுப் பதிப்பு வெளியானபோது, முந்தைய பதிப்பில் பாடியிருந்த எட் ஷீரன் என்ற ஆங்கிலப் பாடகரே, தம்மைக் கேட்டிருந்தால் தம் குரலைச் சேர்க்க இசைந்திருக்க மாட்டேன் என்று அறிவித்தார். பத்து ஆண்டுகளில் காற்று திசை மாறியிருப்பதற்கு இது ஓர் அடையாளம்.

பழிச்சொல்லுக்கு வட்டி

"பெயர் கெட்டால் என்ன, பிழைப்பு நடக்கிறதா என்று பார்" என்று சொல்வார்கள். ஆனால் பெயர் கெட்டால் பிழைப்பும் கெடும் என்பதைக் கிராமத்து வட்டிக் கடைக்காரர் நன்றாக அறிவார். ஒருவன் ஒழுங்காகத் தவணை கட்டுகிறவனாக இருக்கலாம். "அந்தக் குடும்பமே அப்படித்தான்" என்று ஊர் பேசத் தொடங்கினால், அவனிடம் அரை வட்டி அதிகம் கேட்பார்.

தேசங்களின் கதியும் இதுவே. ஆப்பிரிக்க நாடுகள் ரோடு போடவும், ஆஸ்பத்திரி கட்டவும் உலகச் சந்தையில் கடன் பத்திரங்களை விற்கின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். கலகம், கலவரம் என்ற செய்தியையே தினமும் படிக்கிறவர்கள், "ஆபத்தான இடம்" என்று எண்ணி வட்டியை உயர்த்துகிறார்கள்.

இதை 2024-ம் ஆண்டில் கணக்குப் போட்டுப் பார்த்தது மேலே சொன்ன 'ஆப்பிரிக்கா நோ ஃபில்டர்' ஸ்தாபனம். தேர்தல் சமயத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதியவற்றை அது ஒப்பிட்டது. கென்யாவைப் பற்றிய கட்டுரைகளில் 100-க்கு 88 கெட்ட செய்திகள். ஏறத்தாழ அதே பொருளாதார ஆபத்து உள்ளதாகக் கருதப்பட்ட மலேசியாவைப் பற்றியோ 100-க்கு 48. இப்படி ஒரே அச்சில் வார்த்த செய்திகளால் ஆப்பிரிக்க நாடுகள் அதிகப்படியாகக் கட்டும் வட்டி ஆண்டுக்கு 420 கோடி டாலர் வரை இருக்கும் என்பது அந்த ஸ்தாபனத்தின் மதிப்பீடு. மதிப்பீடு என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் பழிச்சொல்லுக்கு வட்டி உண்டு என்பதும், அதைக் கட்டுகிறவர்கள் பள்ளிக்கூடம் கேட்டு நிற்கும் ஏழை ஜனங்கள் என்பதும் உறுதி.

வேடிக்கை என்னவென்றால், ஆப்பிரிக்கப் பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. ஒரு நாட்டுப் பத்திரிகை அண்டை நாட்டைப் பற்றி எழுதும்போது, அந்தச் செய்திகளில் மூன்றில் ஒரு பங்கு வெளிநாட்டுச் செய்தி நிலையங்களிலிருந்து பெற்றவை என்று 2021-ல் அதே ஸ்தாபனம் கண்டது. பக்கத்து வீட்டுச் சமாசாரத்தைச் சீமையிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்வது போல!

பேனா பிடித்த கை

இந்தச் சங்கிலியை முதலில் அறுக்கப் பார்த்தவர்கள் எழுத்தாளர்களே.

நைஜீரியாவில் இபாதான் சர்வகலாசாலையில் சினுவா அச்சிபி என்ற வாலிபர் படித்துக் கொண்டிருந்தார். தம் நாட்டைப் பற்றி வெள்ளையர் ஒருவர் எழுதிய நாவலை வகுப்பில் படிக்க நேர்ந்தது. அதில் வரும் நைஜீரியன் ஒரு கோமாளி. தமக்குத் தெரிந்த தகப்பனும் பாட்டனும் அந்தப் புத்தகத்தில் இல்லை என்று அவர் கண்டார். அதற்கு அவர் அளித்த பதில் ஒரு நாவல். 1958-ம் ஆண்டில் அது லண்டனில் வெளியாயிற்று. வெள்ளையர் வருமுன் ஒரு கிராமம் எப்படி வாழ்ந்தது, அதன் நீதி என்ன, அதன் குறைகள் என்ன, அது எப்படிச் சிதறியது என்று சொன்ன கதை. 50-க்கும் மேற்பட்ட மொழிகளில் அது பெயர்க்கப்பட்டிருக்கிறது. தமிழில் என். கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் 'சிதைவுகள்' என்ற பெயரில் வந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று. அச்சிபி தம் கிராமத்தைச் சொர்க்க பூமியாக வர்ணிக்கவில்லை. இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் எறியும் கொடுமையையும் மறைக்கவில்லை. ஆயினும் அந்த மனிதர்கள் யோசிக்கிறார்கள், வாதாடுகிறார்கள், தவறு செய்கிறார்கள், வருந்துகிறார்கள். முழு மனிதர்களாக நடமாடுகிறார்கள். அது போதுமானதாக இருந்தது.

அவருக்குப் பின் வந்தவர்கள் பல வழிகளில் அதே வேலையைச் செய்தார்கள். கென்யாவின் பின்யவாங்கா வைனைனா கிண்டலைக் கையாண்டார். ஆப்பிரிக்காவைப் பற்றி எழுத விரும்பும் வெளிநாட்டாருக்கு யோசனை சொல்வது போல 2005-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். சூரியாஸ்தமனத்தையும் பட்டினியையும் விடாமல் சேருங்கள், சாதாரணக் குடும்பத்தைத் தப்பித் தவறியும் காட்டிவிடாதீர்கள் என்ற தோரணையில் அமைந்த அந்தக் கட்டுரை, பல வெளிநாட்டு எழுத்தாளர்களின் முகத்தைச் சிவக்க வைத்தது.

நைஜீரியாவின் சிமமாண்டா அடிச்சி 2009-ல் ஆற்றிய சொற்பொழிவு உலகப் பிரசித்தம். படிப்பதற்காக அவர் அமெரிக்கா போனபோது, உடன் தங்கிய பெண், இவருக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாது என்றே எண்ணிக் கொண்டாளாம். அதைச் சொன்ன அடிச்சி, தம்மையும் விடவில்லை. தம் வீட்டில் வேலை செய்த பையனின் குடும்பத்தை ஏழைகள் என்று மட்டும் அறிந்திருந்ததையும், அவன் சகோதரன் பின்னிய அழகான கூடையைக் கண்டு தாம் திகைத்ததையும் சேர்த்தே சொன்னார். ஒருவரைப் பற்றி ஒரே கதையைக் கேட்டுக் கேட்டு அவரை அதுவாகவே ஆக்கி விடுகிறோம் என்பதே அவர் சொல்லின் சாரம்.

லாகோஸ் நகரத்து டாக்டர்

நம்பிக்கை தரும் கதை என்றால் கற்பனைக் கதை என்று நினைக்க வேண்டாம். நடந்த கதைகளே ஏராளம். ஓர் உதாரணம் பார்ப்போம்.

2014-ம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா என்ற கொள்ளை நோய் பரவியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் முக்கியமாகப் பரவிய அந்நோய்க்கு 11,300 பேருக்கு மேல் பலியானார்கள். முகமூடியும் கவச உடையும் அணிந்த வெளிநாட்டு வைத்தியர்களின் படங்கள் பத்திரிகைகளில் நிறைந்தன.

அந்த ஆண்டு ஜூலை 20-ந் தேதி, லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மயங்கி விழுந்தார். சுமார் 2 கோடி ஜனங்கள் நெருக்கியடித்து வாழும் நகரம் அது. நோய் அங்கே பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நோயாளியை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதலில் மலேரியா என்றே எண்ணினார்கள். டாக்டர் ஸ்டெல்லா அமெயோ அடடெவோ என்ற பெண்மணிக்கு மட்டும் சந்தேகம் தட்டியது. எபோலா நோயாளியை அந்த அம்மையார் அதற்கு முன் கண்டதே இல்லை. ஆயினும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். "ஒரு மாநாட்டுக்குப் போக வேண்டியவர், அவரை அனுப்பிவிடுங்கள்" என்று மேலிடத்திலிருந்து நிர்ப்பந்தம் வந்தது. டாக்டர் அசையவில்லை. நோயாளி வாசற்படி தாண்டவில்லை. சோதனை முடிவு வந்தது: எபோலாதான்.

அதன் பிறகு நைஜீரிய சர்க்காரின் சுகாதார ஊழியர்கள் வேலையில் இறங்கினார்கள். இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கப் பழகியிருந்த படையே இதற்கும் பயன்பட்டது. தொற்று ஏற்பட்டிருக்கக்கூடிய கிட்டத்தட்ட 900 பேரைத் தேடிப் பிடித்தார்கள். ஏறக்குறைய 18,500 தடவை வீடு வீடாகச் சென்று உடல் சூடு பார்த்தார்கள். மொத்தம் 20 பேருக்குத்தான் நோய் கண்டது. 8 பேர் மாண்டார்கள். அக்டோபர் 20-ந் தேதி நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது.

மாண்ட அந்த எட்டுப் பேரில் டாக்டர் அடடெவோவும் ஒருவர். ஆகஸ்டு 19-ந் தேதி அவர் உயிர் பிரிந்தது.

ஒரு நகரம் தப்பியது. ஒரு கண்டம் பெருமூச்சு விட்டது. விமானங்கள் எங்கும் பறக்கும் இக்காலத்தில், அதனால் தப்பிய நாடுகள் எத்தனையோ! ஆனால் எபோலா என்ற பெயரைக் கேட்டவர்களில் அந்த அம்மையாரின் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? நோய்க்குக் கிடைத்த விளம்பரத்தில் நூற்றில் ஒரு பங்கு, நோயைத் தடுத்தவருக்குக் கிடைக்கவில்லை.

காற்றாடியும் கார்ட்டூனும்

இத்தகைய கதைகளைத் தேடிச் சொல்வதுதான் இப்போது தொடங்கியிருக்கும் முயற்சி.

மலாவி நாட்டில் 2001-ல் தொடங்கிய பஞ்சத்தின்போது, பள்ளிச் சம்பளம் கட்ட முடியாமல் படிப்பை விட்ட வில்லியம் கம்க்வாம்பா என்ற சிறுவன், நூலகத்துப் புத்தகம் ஒன்றில் காற்றாலையின் படத்தைக் கண்டான். பழைய சைக்கிள் சாமான்களையும், டிராக்டர் விசிறியையும், மரக் கம்பங்களையும் கொண்டு ஒரு காற்றாடியை நிறுத்தி வீட்டில் விளக்கு எரிய வைத்தான். அவன் கதை 2009-ல் புத்தகமாகவும், 2019-ல் சினிமாவாகவும் வந்தது. பஞ்சத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் பஞ்சத்தோடு கதை முடிந்து விடுவதில்லை என்பதே இதன் சிறப்பு.

கென்யாவில் 2007-ம் ஆண்டிலேயே சாதாரணக் கைபேசி வழியாகப் பணம் அனுப்பும் 'எம்-பெசா' முறை வந்துவிட்டது. காய்கறிக் கூடைக்காரி தன் தாய்க்கு ஊருக்குப் பணம் அனுப்ப அது உதவிற்று. இந்தியாவில் இன்று டீக் கடை வரை வந்துவிட்ட யு.பி.ஐ. முறை 2016-ல்தான் பிறந்தது. 

சினிமாவிலும் அப்படியே. உலகில் அதிகப் படங்கள் தயாரிக்கும் நாடு இந்தியா. அடுத்தது அமெரிக்கா என்றே பலரும் எண்ணுவார்கள். 2006-ம் ஆண்டுக் கணக்கை யுனெஸ்கோ வெளியிட்டபோது உலகம் வியந்தது. இந்தியா 1,091, நைஜீரியா 872, அமெரிக்கா 485! நைஜீரியப் படங்களில் பெரும்பாலானவை வீடியோவில் எடுத்த சிக்கனப் படங்கள்தாம். ஆனால் அவற்றில் ஆப்பிரிக்கர்களே கதாநாயகர், அவர்களே வில்லன், அவர்களே மாமியார், அவர்களே மருமகள்.

குழந்தைகளையும் மறக்கவில்லை. ஜாம்பியா நாட்டு எழுத்தாளர் மலெங்கா முலெண்டெமா படைத்த 'சூப்பா டீம் 4' என்ற கார்ட்டூன் தொடர் 2023-ல் வெளியாயிற்று. லுசாகா நகரத்துப் பள்ளிச் சிறுமிகள் நால்வர் ஊரைக் காப்பாற்றும் கதை. ஆப்பிரிக்க ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதிப் பேர் 20 வயதுக்கு உட்பட்டவர்கள். தன் நிறத்தில் ஒரு வீராங்கனையைத் திரையில் பார்த்து வளரும் குழந்தைக்கும், தன் நிறத்தில் பஞ்சக் காட்சியையே பார்த்து வளரும் குழந்தைக்கும் வித்தியாசம் உண்டு.

பூசி மெழுகலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "நல்லதையே எழுதுங்கள்" என்ற கோஷம் சர்வாதிகாரிகளுக்கும் இனிக்கும். ஊழலை எழுதிய நிருபரைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, "நாட்டின் பெயரைக் கெடுத்தான்" என்று காரணம் சொல்ல அது வசதியாக இருக்கும். ஆகவே நம்பிக்கைக் கதை என்பது கெட்ட செய்தியை மறைக்கும் திரையாகி விடக்கூடாது.

1994 ஏப்ரல் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். அம்மாதம் ருவாண்டாவில் இனப் படுகொலை தொடங்கிற்று. நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் வெட்டுண்டார்கள். அதே மாதம்தான் தென் ஆப்பிரிக்காவில் கறுப்பு மக்கள் முதல் தடவையாக வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள், அடுத்த மாதம் மண்டேலா ஜனாதிபதியானார். இரண்டும் ஆப்பிரிக்கா. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

சூடான் இதற்கு இன்னும் நல்ல பாடம். 2023 ஏப்ரலில் அங்கே இரு ராணுவத் தளபதிகளிடையே மூண்ட போர், ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களை வீடு வாசல் இழந்து ஓட வைத்தது. இவ்வளவு பெரிய துயரத்துக்கு உலகப் பத்திரிகைகள் ஒதுக்கிய இடமோ சொற்பம். "ஆப்பிரிக்காவில் சண்டை வழக்கம்தானே" என்ற அலட்சியமே காரணம். அச்சு வார்ப்புப் படம் பழியை மட்டும் தருவதில்லை; கண்ணீருக்கும் மதிப்பில்லாமல் செய்துவிடுகிறது.

அந்த நெருப்பின் நடுவிலும் ஒரு செய்தி உண்டு. சர்க்கார் இயந்திரம் சிதறி, வெளிநாட்டு உதவியும் எட்டாத இடங்களில், தெருவுக்குத் தெரு வாலிபர்களும் பெண்களும் கூடி, பொதுச் சமையற்கூடங்கள் நடத்தினார்கள். காயம்பட்டவர்களுக்கு மருந்து தேடினார்கள். 'அவசர உதவி அறைகள்' என்பது அவற்றின் பெயர். ஊரே கூடி ஒருவன் வேலையை முடித்துக் கொடுக்கும் பழைய சூடானிய வழக்கத்திலிருந்து முளைத்தவை அவை. 2025-ல் சுவீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' பரிசு அந்தத் தொண்டர்களுக்குக் கிடைத்தது. போரை மறைக்காமல், அதன் நடுவே சோறு வடித்தவர்களையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் செய்தி முழுமை பெறுகிறது.

நம் வீட்டுக் கண்ணாடி

இந்த விஷயம் இந்தியருக்குப் புதிதல்ல. 1927-ல் காதரின் மேயோ என்ற அமெரிக்க மாது இந்தியாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாள். அழுக்கையும் அலங்கோலத்தையும் மட்டும் பொறுக்கி அடுக்கி, இவர்கள் சுயராஜ்யத்துக்குத் தகுதியற்றவர்கள் என்று காட்டினாள். சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்று காந்தியடிகள் அதைச் சாடினார். லாலா லஜபதி ராய் பதில் புத்தகமே எழுதினார். பாம்பாட்டி தேசம் என்று பெயர் எடுத்து வருந்திய நாடு, ஆப்பிரிக்கரின் வருத்தத்தை முதலில் உணர வேண்டிய நாடு.

ஆனால் நடப்பது என்ன? நைஜீரியன் கைதானால் கொட்டை எழுத்தில் செய்தி. நைஜீரிய மாணவன் பட்டம் பெற்றால் செய்தியே இல்லை. தமிழ்ப் படத்திலும் ஆப்பிரிக்கர் என்றால் பெரும்பாலும் போதை மருந்து கடத்துகிறவர், அல்லது ஆளைக் கடத்துகிறவர். 2013-ல் வெளியான 'சிங்கம் 2', 'மரியான்' இரண்டும் அப்படியே. மெலிந்த குழந்தையைப் பார்த்து "சோமாலியா" என்று கேலி பேசுவது சாதாரணமாகிவிட்டது.

இது வெறும் கேலியோடு நிற்பதில்லை. 2017 மார்ச்சில் டில்லியை அடுத்த கிரேட்டர் நோய்டாவில் ஒரு சிறுவன் காணாமற்போனான். பக்கத்தில் குடியிருந்த நைஜீரிய மாணவர்கள் அவனைத் தின்றுவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பிற்று! பையன் உயிரோடு வீடு திரும்பினான். பின்பு அவன் இறந்தபோது பழி மறுபடியும் அந்த மாணவர்கள் மீதே விழுந்தது. ஆதாரம் இல்லையென்று போலீசார் அவர்களை விடுவித்தார்கள். ஆனாலும் சம்பந்தமே இல்லாத ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் கூடி அடித்தார்கள். நரமாமிசக் கதையை அந்தக் கும்பலுக்குக் கற்பித்தது யார்? ஸ்டான்லி காலத்துக் கதை நூற்று நாற்பது ஆண்டுகள் பிரயாணம் செய்து நோய்டாவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

தமிழருக்கோ ஆப்பிரிக்கா அந்நியமே அல்ல. 1860-ம் ஆண்டில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஏறிக் கரும்புத் தோட்டக் கூலிகளாக டர்பன் துறைமுகத்தில் இறங்கியவர்களில் தமிழர் பலர். அவர்கள் சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். தில்லையாடி வள்ளியம்மை பிறந்த ஊர் ஜோகன்னஸ்பர்க். ஆப்பிரிக்க மண்ணில் பிறந்து, ஆப்பிரிக்க மண்ணிலேயே உயிர் விட்ட பெண்ணைத் தமிழ்நாடு தன் மகளாகக் கொண்டாடுகிறது. அந்த மண்ணின் மற்றப் பிள்ளைகளைப் பற்றி மட்டும் சீமைப் பத்திரிகையின் வாய்ப்பாட்டைத் திருப்பிச் சொல்லிக் கொண்டிருக்கலாமா?

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. பள்ளி இலக்கணத்தில் எழுவாய், செயப்படுபொருள் என்று படித்திருக்கிறோம். ஆப்பிரிக்காவைப் பற்றிய செய்தி வாக்கியங்களில் ஆப்பிரிக்கன் எப்போதும் செயப்படுபொருளாகவே இருக்கிறான். வெள்ளம் அவனை அடித்துச் சென்றது. ராணுவம் அவனை விரட்டியது. வெளிநாட்டார் அவனைக் காப்பாற்றினார்கள். அவன் என்ன செய்தான் என்ற கேள்வியை நிருபர் கேட்க வேண்டும். ஆசிரியர் கேட்க வேண்டும். படிக்கிறவர்களும் கேட்க வேண்டும். லாகோஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணி வாசலை மறித்து நின்றார். கார்ட்டூம் தெருவில் யாரோ ஒருவர் அடுப்பு மூட்டினார். அந்த வாக்கியங்களில் எழுவாய் அவர்களே.